சொம்பும் ரேண்டம் நம்பரும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கம்ப்யூட்டர் பாடம் இல்லை. நடுவில் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு கல்வெட்டு வரும். அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள் :-) ஆனால் மேட்டர் என்னவோ ஒரு எவர்சில்வர் சொம்பைப் பற்றியது.

சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயில் மதிலிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் தெரு. சின்ன வயதில் தெருவுக்குள் நுழைந்தாலே இரண்டு பக்கமும் தறிச்சத்தம் கேட்கும். இப்போது எண்ணி ஏழு வீட்டில்தான் கேட்கிறது, அதில் எங்கள் வீடும் ஒன்று. தறி வீட்டில் பணம் எப்படி வரும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாதச் சம்பளம் கிடையாது. புடவை முடிந்து, அறுத்து, கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கூலி. நடுவில் மழை வந்து பாவு இழுத்தால் அது இன்னும் தள்ளிப் போகும். ஆனால் ஸ்கூல் ஃபீஸும் கல்யாணமும் வளைகாப்பும் தேதி பார்த்துத்தான் வருகின்றன. அதனால் எங்கள் தெருப் பெண்களுக்கு பேங்கைவிடப் பெரிய விஷயம் குலுக்குச் சீட்டு.

தெரியாதவர்களுக்கு: 20 பேர், ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய், 20 மாதம். ஒவ்வொரு மாதமும் சேர்கிற 40,000 ரூபாய் ஒருவருக்குப் போகும். முதல் மாதம் சீட்டு பிடிக்கிற அக்காவுக்கு. அடுத்த மாதத்திலிருந்து, இன்னும் எடுக்காதவர்கள் பெயரையெல்லாம் துண்டுப் பேப்பரில் எழுதி, சுருட்டி, சொம்பில் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுப்பார்கள். ஏலச்சீட்டு மாதிரி தள்ளுபடி கிடையாது. எல்லோரும் கட்டுவதும் ஒன்றுதான், வாங்குவதும் ஒன்றுதான். எப்போது வாங்குவது என்பது மட்டும்தான் குலுக்கல். அந்த 'எப்போது'தான் எல்லாமே. இரண்டாம் மாதம் வந்தால் வட்டியில்லாக் கடன், கடைசி மாதம் வந்தால் வட்டியில்லாச் சேமிப்பு.

2023 ஆகஸ்டில் நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். அந்தச் சீட்டு ஆறாவது மாதம். 15 பெயர் பாக்கி இருந்தது. எங்கள் அம்மா பெயரும் அதில் ஒன்று.

கதைக்குப் போகும் முன், நாம் எல்லோரும் சின்ன வயதிலிருந்தே ரேண்டம் நம்பரோடுதான் வளர்ந்திருக்கிறோம் என்பதை ஞாபகப்படுத்துகிறேன். புக் கிரிக்கெட் ஆடாதவர் கை தூக்குங்கள். புத்தகத்தைத் திறந்தால் இடது பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். இடது பக்கம் எப்போதும் இரட்டைப்படை, ஆகவே 0, 2, 4, 6, 8. பூஜ்ஜியம் வந்தால் அவுட். கணக்குப்படி ஐந்துக்கும் ஒரே வாய்ப்பு. நிஜத்தில் அப்படி இல்லை. பழைய சமூக அறிவியல் புத்தகம் எங்கே முதுகு ஒடிந்திருக்கிறதோ அங்கேதான் திறக்கும். எங்கள் வகுப்பில் ஒருவன் தன் புத்தகத்தில் மட்டும்தான் ஆடுவான், ஏன் என்று எட்டாம் வகுப்பில்தான் எங்களுக்குப் புரிந்தது.

தாயக்கட்டை இன்னும் அழகு. இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் 1, 2, 3, வெறும் பக்கம். மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயம் விழுவது 2 விதம், பன்னிரண்டு விழுவது ஒரே ஒரு விதம், மூன்று விழுவது 4 விதம். எட்டுக்கு ஒரு தடவைதான் தாயம் என்று எங்கள் பாட்டிக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஆனால் தாயத்தை எதிர்பார்த்து அவர் காய் நகர்த்தவே மாட்டார்.

தெருக் கிரிக்கெட்டில் பேட்டிங் ஆர்டர் எப்படிப் போடுவோம்? ஒருவன் மண்ணில் வரிசையாகக் கோடு போட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் எண் எழுதி, எண்களை பேட்டால் மூடிக்கொள்வான். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கோட்டைத் தொடுவார்கள். எழுதினவனுக்கு மிச்சம் இருக்கிறதுதான். இந்த விதியை யார் கண்டுபிடித்தது என்று தெரியாது. எந்த எண் எங்கே என்று தெரிந்தவன் தேர்ந்தெடுக்கக் கூடாது, தேர்ந்தெடுக்கிறவனுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. பத்து வயதில் எனக்குத் தெரிந்த இந்த விஷயம் பத்தொன்பது வயதில் மறந்துபோனதுதான் பிரச்சினை.

சீட்டு எடுக்கிற நாள் மாதம் 5-ஆம் தேதி, சாயங்காலம், சீட்டு அக்கா வீட்டுத் திண்ணை. அன்றைக்கு அக்கா துண்டுப் பேப்பர் கிழித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்காகப் பணம் கட்டப் போன நான் சும்மா இருக்காமல், "எதுக்குக்கா இவ்ளோ வேலை? ஃபோன்லயே எடுத்துடலாம். பேப்பர் ஒண்ணு தடியா இருக்கும், ஒண்ணு மெல்லிசா இருக்கும், கைக்கு எது மாட்டுதோ அதான் வரும். ஃபோன்ல அந்தப் பிரச்சினையே இல்ல" என்று எடுத்துவிட்டேன். நான் சொன்னது பொய்யில்லை. கூகுளில் ரேண்டம் நம்பர் என்று தேடினால் ஒரு சின்னப் பெட்டி வரும், எதிலிருந்து எதுவரை என்று கொடுத்து அமுக்கினால் எண் வரும். 15 பெயரையும் ஒரு நோட்டில் நானே வரிசையாக எழுதினேன். 1 முதல் 15 வரை கொடுத்தேன்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். "இப்படித்தான் வரும் பாருங்க" என்று ஒரு தடவை அமுக்கினேன். 4 வந்தது. நோட்டில் 4 கோடி வீட்டு அக்கா. அவர் மகளுக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"இது சும்மா, ட்ரையல். இப்போதான் நிஜம்" என்று மறுபடி அமுக்கினேன். 11.

11 எங்கள் அம்மா.

என் செமஸ்டர் ஃபீஸ் 27,000 ரூபாய் அந்த மாதம் கட்ட வேண்டும் என்பது தெருவுக்கே தெரியும். அம்மாவே இரண்டு பேரிடம் கைமாற்று கேட்டிருந்தார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மாடி வீட்டு ஆயா மட்டும் மெதுவாகக் கேட்டார், "ஏம்ப்பா, நீதானே அமுக்கின?"

நான் விளக்க ஆரம்பித்தேன். இது கம்ப்யூட்டர் தானாகப் போடுவது, என்னால் ஒன்றும் செய்ய முடியாது, வேண்டுமானால் இன்னொரு தடவை அமுக்கிக் காட்டுகிறேன்... சொல்லி முடிப்பதற்குள் எனக்கே வாய் அடைத்தது. இன்னொரு தடவை அமுக்கலாம் என்பதுதானே அவர்கள் பிரச்சினையே.

அம்மா எழுந்து வந்தார். "இது வேணாம்க்கா. சொம்ப எடுங்க." அவ்வளவுதான். பதினைந்து சீட்டும் மறுபடி எழுதி, சுருட்டி, சொம்பில் போட்டார்கள். சீட்டு அக்காவின் பேத்தி, நாலு வயதுக் குட்டி, கையை விட்டு ஒன்றை எடுத்தாள். மாவு மிஷின் வீட்டு அத்தைக்கு விழுந்தது. கோடி வீட்டு அக்காவுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. அத்தை வீட்டில் அந்த வாரமே புது ஃப்ரிட்ஜ் வந்தது.

அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போனது. ஃபீஸ் கட்டியாகிவிட்டது. நான் மூன்று நாள் அம்மாவோடு பேசவில்லை. நான்காம் நாள் தறியில் உட்கார்ந்தபடியே அம்மா சொன்னார், "பணம் இருபது மாசத்துக்குள்ள என்னைக்காவது வந்துடும்டா. இந்தத் தெருவுல நாம இன்னும் நாப்பது வருஷம் இருக்கணும்."

எனக்குச் சமாதானம் ஆகவில்லை. நான் ஏமாற்றவில்லையே? கூகுள் போட்ட எண்தானே? அந்தக் கோபத்தில்தான் ரேண்டம் நம்பரைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். நிரூபித்துக் காட்ட வேண்டும் என்ற வீம்பு!

நம் வகுப்பு ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும், முதல் வருஷம் சி லேபில் பகடை உருட்டுகிற புரோகிராம் எழுதினோம். லினக்ஸ் மெஷினில் எல்லோருக்கும் 2, 5, 4, 2, 6 என்று ஒரே வரிசைதான் வந்தது. எத்தனை தடவை ஓட்டினாலும் அதே 2, 5, 4, 2, 6. ரேண்ட் என்று பெயர் வைத்த ஃபங்ஷன் ஒரு கணக்குச் சூத்திரம், அவ்வளவுதான். ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணைக் கணக்குப் போட்டு எடுக்கும். தொடங்குகிற எண்ணை நாம் மாற்றிக் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு தடவையும் அதே இடத்திலிருந்து ஆரம்பிக்கும். ஜக்கார்டு அட்டையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அட்டையில் எந்த வரிசையில் ஓட்டை போட்டிருக்கிறதோ அந்த வரிசையில்தான் மயில் வரும், எத்தனை புடவை நெய்தாலும். பார்க்கிறவருக்கு அடுத்த இழை என்னவென்று தெரியாது, அட்டை வெட்டினவருக்குத் தெரியும்.

அதற்காக ஃபோனில் வருகிற எண்ணெல்லாம் மோசம் என்றில்லை. இப்போதைய மெஷின்கள் நேரம், ஹார்டுவேர் சலசலப்பு என்று எதையெதையோ கலந்து ஆரம்ப எண்ணை எடுக்கின்றன. டப்ளினிலிருந்து நடக்கும் ரேண்டம் டாட் ஆர்க் தளம் 1998 முதல் வானொலி இரைச்சலைப் பிடித்து அதிலிருந்து எண் தருகிறது. சீட்டு எடுக்க இதெல்லாம் தாராளமாகப் போதும். எண் சரியான எண்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. வெற்றி!

ஆனால் அந்த வெற்றியை எடுத்துக்கொண்டு ஆயாவிடம் போக முடியவில்லை. ஏனென்றால் இன்னொரு கணக்கும் போட்டிருந்தேன். 15 பெயரில் ஒரு தடவை அமுக்கினால் அம்மா பெயர் வர வாய்ப்பு 15-இல் 1, அதாவது நூற்றுக்கு 7-க்கும் கீழே. பிடிக்காத எண்ணை 'ட்ரையல்' என்று தள்ளிவிட்டு இன்னொரு தடவை அமுக்கலாம் என்றால் அது நூற்றுக்கு 13 ஆகிவிடும். பத்துத் தடவை அமுக்கலாம் என்றால் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. எண் ஒவ்வொன்றும் நூற்றுக்கு நூறு சுத்தமாக இருக்கும், முடிவு மட்டும் என்னுடையதாக இருக்கும்.

நான் பிடிக்காமல் தள்ளவில்லை, உண்மையாகவே காட்டுவதற்காகத்தான் அமுக்கினேன். ஆனால்... முதல் தடவையே 11 வந்திருந்தால் 'இது சும்மா' என்று சொல்லியிருப்பேனா? இரண்டு வருஷமாக யோசிக்கிறேன். சொல்லியிருப்பேன் என்று அடித்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

உத்திரமேரூருக்குப் போனது அந்த வருஷம் அரையாண்டு லீவில். காஞ்சிபுரத்திலிருந்து மாகறல் வழியாக பஸ், முப்பது கிலோமீட்டருக்குள்தான். ஸ்கூலில் ஒரு தடவை கூட்டிப்போயிருக்கிறார்கள். அப்போது புளியோதரையையும் குரங்கையும் தவிர எதுவும் மண்டையில் ஏறவில்லை. குடவோலை முறை, பராந்தகச் சோழன், ஐந்து மதிப்பெண். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிட்டோம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்த ஊரைச் சொன்னார், அப்போது கொஞ்ச நாள் எல்லோரும் பேசினார்கள். எல்லோரும் பேசியது தேர்தல் பற்றி, ஜனநாயகம் பற்றி. எனக்கு வேறு ஒன்று தேவைப்பட்டது. அவர்கள் குடத்தில் எப்படிக் கைவிட்டார்கள்?

வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் இரண்டு கல்வெட்டு. பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டு ஒன்று, 14-ஆம் ஆட்சியாண்டு ஒன்று, அதாவது கி.பி. 919, 921. முதலில் ஒரு முறை வகுத்து, இரண்டே வருஷத்தில் திருத்தி எழுதியிருக்கிறார்கள். வயது வரம்பையே 30 முதல் 60 என்றிருந்ததை 35 முதல் 70 என்று மாற்றினார்கள். கல்லில் வெட்டினதையும் திருத்த வேண்டி வந்திருக்கிறது என்பதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். என் நோட்டு எம்மாத்திரம்!

921-இன் முறை இது. ஊர் 30 குடும்பு, நம் வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பின் பெயர் எழுதிய ஓலையை மேலே வைத்துக் கட்டாகக் கட்டிக் குடத்தில் போட வேண்டும். சின்னவர் பெரியவர் எல்லோரும் கூடிய சபை. ஊரில் அன்றைக்கு இருக்கிற கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்துக்குள் உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, குடத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்க வேண்டும். அந்தக் கட்டைப் பிரித்து வேறு ஒரு குடத்தில் போட்டுக் குலைக்க வேண்டும். அதிலிருந்து அதே பையன் ஒரே ஒரு ஓலை எடுத்து மத்தியஸ்தர் கையில் கொடுக்க வேண்டும். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கி, வாசிக்க வேண்டும். அவர் வாசித்த ஓலையை மண்டபத்தில் இருக்கிற நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும். அதன் பிறகுதான் அந்தப் பெயர் செல்லும்.

ஐந்து விரலையும் விரித்து!

அந்த மண்டபத்தில் நின்று நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். விரலை மடக்கினால் உள்ளே வேறு ஓலை ஒளிந்திருக்கலாம் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். யோசித்தாரா, இல்லை எங்கேயோ ஒரு தடவை நடந்தே விட்டதா? எனக்கென்னவோ நடந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. விதிகளை வரிசையாகப் படித்தால் ஒவ்வொன்றும் ஒரு பழைய தில்லுமுல்லுக்குப் போட்ட பூட்டு மாதிரி இருக்கிறது. கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது. அவன் மட்டுமில்லை, அவன் மாமனார், மைத்துனன், மருமகன், அத்தை மகன் வரை கூடாது. கடந்த மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவனும் கூடாது. பதவி 360 நாள்.

கட்டைப் பிரித்து வேறு குடத்தில் போட்டுக் குலைப்பது எதற்கு என்று புரிய எனக்கு அமெரிக்கா வரை போக வேண்டியிருந்தது (படித்துத்தான்). 1969 டிசம்பர் 1 அன்று, வியட்நாம் போருக்கு யாரை முதலில் அழைப்பது என்று அங்கே குலுக்கல் போட்டார்கள். 366 பிறந்த தேதிகள், 366 நீலக் குப்பிகள், டெலிவிஷனில் நேரடியாக. குப்பிகளை மாத வரிசையில் போட்டுவிட்டுச் சரியாகக் கலக்கவில்லை. வருஷக் கடைசியில் பிறந்தவர்களின் தேதிகள் முன்னாலேயே நிறைய வந்துவிட்டன. டிசம்பரில் பிறந்தது குற்றமா? எல்லோரும் பார்க்கத்தான் எடுத்தார்கள். குலைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேரெதிர் கதை ஒன்று. அயோவாவில் 2010 டிசம்பர் 29, ஹாட் லோட்டோ என்ற லாட்டரி, பரிசு 1.65 கோடி டாலர். அங்கே குடம் கிடையாது, குப்பி கிடையாது. பூட்டிய அறையில் ரேண்டம் நம்பர் போடும் கம்ப்யூட்டர். அதற்கு புரோகிராம் எழுதியவர் எடி டிப்டன், லாட்டரி அமைப்பின் தகவல் பாதுகாப்பு இயக்குநரே அவர்தான். வருஷத்தில் மூன்று தேதிகளில் மட்டும் எண்களை முன்கூட்டியே ஊகிக்க முடிகிற மாதிரி சில வரிகளை உள்ளே செருகியிருந்தார். மற்ற நாளெல்லாம் சோதித்துப் பார்த்தால் அப்பழுக்கில்லாத ரேண்டம். கடைசியில் அவர் மாட்டியது கணக்கில் இல்லை, டிக்கெட் வாங்கிய கடையின் கேமராவில். 2017-இல் 25 வருஷம் வரை சிறை என்று தீர்ப்பு. மெஷினைச் சோதித்தவர்கள் எல்லோரும் எண்களைத்தான் பார்த்தார்கள். எழுதினவன் கடைசியாகத்தான் எடுக்கணும் என்று அயோவாவில் யாரும் தெருக் கிரிக்கெட் ஆடவில்லை போலிருக்கிறது.

நம்மிடமே ஒரு ரேண்டம் நம்பர் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்த எல்லோருக்கும் பத்து இலக்கத்தில் ஒரு சமவாய்ப்பு எண் கொடுத்தார்கள். கட்-ஆஃப் ஒன்றாக இருந்து, கணிதம், இயற்பியல் என்று வரிசையாகப் பார்த்து, பிறந்த தேதி வரை ஒன்றாக இருந்தால்தான் அந்த எண்ணைப் பார்ப்பார்கள், பெரிய எண் உள்ளவருக்கு முதலிடம். அது வந்த அன்றைக்கு, 9-இல் ஆரம்பித்தால் அதிர்ஷ்டம், 1-இல் ஆரம்பித்தால் அவ்வளவுதான் என்று நாம் அடித்துக்கொண்டது இப்போது சிரிப்பாக இருக்கிறது. அந்த எண்ணை யாரும் குடத்திலிருந்து எடுத்துக் காட்டவில்லை. ஆனாலும் அதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. தரவரிசை வரும் முன்னாலேயே எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். யாரோடு யாருக்கு டை வரும் என்று தெரிவதற்கு முன்பே எண் கைக்கு வந்துவிடுகிறது. பார்த்துவிட்டு 'இது ட்ரையல்' என்று சொல்ல வழி இல்லை.

தேர்தலிலும் இதே கதைதான். இரண்டு வேட்பாளருக்கும் ஒரே வாக்கு என்றால் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு, 1951-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 65-ஆம் பிரிவு. 2017-இல் மும்பை மாநகராட்சியில் ஒரு வார்டு அப்படித்தான் முடிந்தது. நாடே மெஷினில் ஓட்டுப் போடுகிறது, சமம் என்றால் மட்டும் துண்டுப் பேப்பர்.

உத்திரமேரூரைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் எனக்கு ஆசையில்லை. அது ஒரு சதுர்வேதிமங்கலம். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்த இருபது பெண்களில் ஒருவர் பெயர்கூட அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. யார் பெயர் உள்ளே போகலாம் என்பதில் அவர்கள் காட்டிய கஞ்சத்தனம் வேறு, உள்ளே போன பெயர்களுக்குள் காட்டிய நியாயம் வேறு. ஆனால் கைவிடுகிற முறை மட்டும் எப்படியோ எங்கள் தெரு வரை வந்திருக்கிறது. சொம்பைக் கவிழ்த்துக் காட்டுவார் சீட்டு அக்கா. குழந்தைதான் எடுக்கும். எடுத்த சீட்டைப் பிரிக்காமல் ஆயா கையில் கொடுக்கும். ஆயாவுக்குக் கண் சரியில்லை, அதனால் அது நாலு கை மாறும், நாலு பேர் படிப்பார்கள். அவர்கள் யாரும் கல்வெட்டைப் படித்ததில்லை. நான்தான் படித்துவிட்டு ஃபோனை அமுக்கினேன்.

இதற்குப் பிறகு ஃபோன் இல்லாமல், பேப்பரும் இல்லாமல் ஒரு வழி கண்டுபிடித்தேன் (கண்டுபிடிக்கவில்லை, ஒத்தையா ரெட்டையாவின் அண்ணன்தான்). எங்கள் ப்ராஜெக்ட் டீமில் ஐந்து பேர். ரிப்போர்ட் யார் டைப் அடிப்பது? ஆளுக்கு 0 முதல் 4 வரை ஒரு எண் வைத்துக்கொண்டோம். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு கையில் ஒன்றிலிருந்து ஐந்து விரல் வரை காட்ட வேண்டும். மொத்தத்தைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் மீதி எதுவோ அந்த எண்ணுக்காரன் மாட்டினான். நாலு பேர் கூட்டுச் சேர்ந்து பேசி வைத்திருந்தாலும், ஐந்தாமவன் மனம்போன போக்கில் விரலைக் காட்டினால் போதும், கூட்டு பலிக்காது. ஒரே நிபந்தனை, ஒருவர் விரலைப் பார்த்துவிட்டு இன்னொருவர் நீட்டக் கூடாது. மூன்று தடவை போட்டோம், இரண்டு தடவை நானே மாட்டினேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை :-)

இதைப் பெருமையாகச் சீட்டு அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "வகுத்து மீதி யார் போடறது?" என்றார். நான் போடறேன்கா என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

அந்தச் சீட்டில் அம்மாவுக்குப் பதினேழாம் மாதம் விழுந்தது. தோடு வீட்டுக்கு வந்தது. கோடி வீட்டு அக்காவுக்கு அதற்கு ரொம்ப முன்பே விழுந்துவிட்டது, ஆனால் வளைகாப்புக்கு இல்லை, பேரன் பிறந்த பிறகு. நான் 4-ஐ ட்ரையல் என்று சொன்னதை அவர் ஒரு தடவைகூட என்னிடம் கேட்டதில்லை. இப்போதும் தெருவில் பார்த்தால் சிரிப்பார், நான்தான் குனிந்துகொண்டு போய்விடுகிறேன்.

நான் இப்போது கடைசி வருஷம். புதுச் சீட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, அதே திண்ணை, அதே சொம்பு. மூன்று மாதம் முன்பு ஒரு சிக்கல். சீட்டு அக்காவின் பேத்திக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டது. எடுத்த சீட்டை அவளே பிரித்து, ஒவ்வொரு எழுத்தாக, எல்லோருக்கும் முன்னால் படித்துக் காட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள், கன்னத்தைக் கிள்ளினார்கள். அடுத்த மாதத்திலிருந்து அவளை எடுக்க விடவில்லை. ஒரே அழுகை.

இப்போது மாடி வீட்டு ஆயாவின் கொள்ளுப்பேரன் எடுக்கிறான், இரண்டு வயது. போன மாதம் எடுத்த சீட்டை நேராக வாயில் போட்டுக்கொண்டான். பிடுங்கிப் பிரித்தால் பாதி எழுத்து கரைந்திருந்தது. ஆயா, சீட்டு அக்கா, மாவு மிஷின் அத்தை, எங்கள் அம்மா, நாலு பேரும் அந்த ஈரப் பேப்பரை உள்ளங்கையில் விரித்துவைத்து, யார் பெயர் என்று குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.